வெள்ளி தெற்கே ஓடினால்

மேலூர்ப் பக்கத்தில் என் அப்பத்தா வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து யாரும் எழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருட்டோடு கட்டுத்தறிக்குப் போய்விட்டு வந்து, "எந்திரிடா, வெள்ளி முளைச்சு பனை உசரம் வந்துருச்சு" என்று அப்பத்தா உலுக்குவாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் கமலை இறைத்த வீடு அது. வெள்ளி முளைக்கும்போது மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறுமுன் ஒரு வயல் நனைந்துவிடும் என்பது கணக்கு. கமலை போய் மோட்டார் வந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

அந்தக் கணக்கில் ஒரு சிக்கலும் உண்டு, அதுவும் அவளுக்குத் தெரியும். வெள்ளி, அதாவது சுக்கிரன் என்னும் கோள், எல்லா மாதமும் விடியலில் நிற்காது. ஏறத்தாழ ஒன்பது மாதம் விடிவெள்ளியாகக் கிழக்கே இருக்கும். பிறகு சூரியனுக்குப் பின்னால் போய் ஏழு வாரம் போலக் காணாமல் போகும். அடுத்த ஒன்பது மாதம் அந்தி வெள்ளியாக மேற்கே தெரியும். பிறகு சூரியனுக்கு முன்னால் வந்து ஒரு வாரம் போல மறைந்து, மறுபடி விடியலில் முளைக்கும். இந்தச் சுற்று முடிய 584 நாள். இப்படி ஐந்து சுற்று முடிந்தால் எட்டு ஆண்டுக்கு இரண்டு நாள் குறைவு. அதனால் இன்று வெள்ளி நிற்கும் இடத்திலேயே எட்டு வருடம் கழித்து இதே தேதியை ஒட்டி மறுபடி நிற்கும். வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு இது கண்ணில் படாமல் போயிருக்காது.

இப்போது நான் இருப்பது செல்லூரில். மொட்டை மாடியில் நின்றால் வடகிழக்கே யானைமலை படுத்திருப்பது தெரியும். வெள்ளி நன்றாக வடக்கே ஏறியிருக்கும் மாதங்களில் யானையின் முதுகை ஒட்டி முளைக்கும். தெற்கே இறங்கிய மாதங்களிலோ மலையை விட்டு வெகுதூரம் விலகி, சிலைமான், கீழடித் திசையில் எழும். ஒரே வீட்டு மாடியில் ஒரே மூலையில் நின்று சில மாதம் பார்த்தால் போதும், அந்த நகர்வு பிடிபட்டுவிடும். சங்கப் பாட்டுகளில் வெள்ளியைப் பற்றி வரும் வரிகள் பல இந்த வடக்கு தெற்கைப் பற்றியவைதான்.

மதுரைக்குப் பக்கத்துப் பாட்டு ஒன்றிலிருந்து தொடங்கலாம். சிங்கம்புணரிக்கு அருகே இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பாரி இறந்த பின் அந்த மலையை நினைத்துக் கபிலர் பாடியது புறநானூற்றின் 117ஆம் பாட்டு. "மைம்மீன் புகையினும், தூமம் தோன்றினும், தென்திசை மருங்கின் வெள்ளி ஓடினும்" என்று தொடங்கும். மைம்மீன் என்பது சனி. தூமம் என்பது புகைபோல வால்விட்டுத் தோன்றும் வால்மீன். சனி புகைந்தாலும் வால்மீன் தோன்றினாலும் வெள்ளி தெற்கே ஓடினாலும் பறம்பு நாட்டில் வயல் நிறையும், புதரெல்லாம் பூக்கும், மழை தப்பியதே இல்லை என்கிறார். காரணமும் சொல்கிறார்: அங்கே கோல் செம்மையாக இருந்தது.

மழை பொய்ப்பதற்கு மூன்று அறிகுறிகளை அடுக்கி, அவற்றையெல்லாம் ஓர் அரசனின் செங்கோல் வென்றது என்று சொல்லும் பாட்டு இது. வெள்ளி தெற்கே ஓடினால் மழை இல்லை என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் இந்தப் புகழ்ச்சி எடுபடும். சோழனைப் பாடும் புறநானூறு 35 "இலங்குகதிர் வெள்ளி தென்புலம் படரினும்" காவிரி பொய்க்காது என்கிறது. சேரனைப் பாடும் பதிற்றுப்பத்து இதையே திருப்பிப் போடுகிறது: "வறிது வடக்கு இறைஞ்சிய சீர்சால் வெள்ளி". சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்த சிறப்புடைய வெள்ளி, மழைக்கு நல்ல குறி. பறம்பிலும் சோழ நாட்டிலும் சேர நாட்டிலும் ஒரே நம்பிக்கை.

இது தமிழர் மட்டும் கண்டதும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் சுக்கிரனின் போக்குக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நட்சத்திரங்களை ஒன்பது வீதிகளாகப் பிரித்து, வடக்கில் மூன்று, நடுவில் மூன்று, தெற்கில் மூன்று என்று வைக்கிறார். வடக்கு வீதியில் வெள்ளி போனால் விளைச்சல், தெற்கு வீதியில் போனால் துன்பம். வெள்ளி ஆண்டுதோறும் சூரியனோடு வடக்கும் தெற்குமாகப் போய்வரும் கோள்தான். அது எந்தப் பொழுதில் எந்த வீதியில் போகிறது என்பதே நிமித்தம் பார்த்தவர்களின் கேள்வியாக இருந்தது.

இந்த 'வீதி'க்கு நம் ஊர்ப் புலவர் வைத்த சொல் 'தெரு'. பரிபாடலின் 11ஆம் பாட்டு வையையைப் பற்றியது, பாடியவர் நல்லந்துவனார். நட்சத்திர மண்டலத்தைத் தெருத்தெருவாகப் பிரித்த இருபத்தேழு இருக்கைகள் என்று சொல்லிவிட்டு, கோள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரிசையாகக் கணக்குக் கொடுக்கிறார். அந்த வரிசையில் முதலில் வருவது "உருகெழு வெள்ளி வந்து ஏற்றியல் சேர". வெள்ளி ரிஷபத்துக்கு வந்துவிட்டது. பிறகு செவ்வாய் மேஷத்தில், புதன் மிதுனத்தில், வியாழன் மீனத்தில், சனி மகரத்தில், சந்திரனைப் பாம்பு பற்றிய கிரகண நாள். இப்படியெல்லாம் கூடியபோது என்ன ஆயிற்று? "புரைகெழு சையம் பொழிமழை தாழ, நெரிதரூஉம் வையைப் புனல்". மேற்கு மலையில் மழை கொட்டியது, கரையை நெரித்துக்கொண்டு வையை வந்தது.

இந்தப் பாட்டைக் கொண்டு கால ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. காலக் கணித அறிஞர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இந்தக் கிரக நிலைகளைக் கணித்து கி.பி. 634 என்று ஒரு விடை சொன்னார். சங்கப் பாட்டுக்கு அது மிகவும் பிந்திய காலம் என்று மறுத்தவர்கள் பலர். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஜோதிடம் கொஞ்சம் தெரிந்தவர் யாராவது இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ரிஷபம் வெள்ளியின் சொந்த வீடு, மேஷம் செவ்வாய்க்கு, மிதுனம் புதனுக்கு, மீனம் வியாழனுக்கு, மகரம் சனிக்கு. ஐந்து கோளும் ஒரே நேரத்தில் ஆட்சி பெற்று அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு புலவர் ஒரு நாள் வானத்தைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு இது என்று நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மழைக்கு வேண்டிய குறிகள் ஒன்றுகூடக் குறையாமல் கூடிய நாள் எப்படி இருக்கும் என்று அவர் மனத்தால் கட்டிய வானம் இது என்றே வாசிக்கிறேன். அந்த வானத்தில் அவர் முதலில் உட்காரவைத்தது வெள்ளியை.

ஆண்டாளும் இந்த வரிசையில் வருகிறாள். "வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்பது திருப்பாவையின் 13ஆம் பாசுரம். கிழக்கே வெள்ளி எழும் நேரத்தில் மேற்கே வியாழன் இறங்கும் ஒரு மார்கழி விடியல். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழை நடத்தியவர்களில் ஒருவரான மு. இராகவையங்கார் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அது கி.பி. 731ஆம் ஆண்டின் விடியல் என்று கணித்தார். தேதி சரியோ தவறோ, பாவை நோன்பு எதற்கு என்பதில் ஐயமே இல்லை. "தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து" என்று மூன்றாம் பாசுரத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் சொல்லிவிடுகிறாள். மழைக்கு நோற்கும் பெண்கள் குளிக்கப் போகும் நேரத்தைக் காட்டுவது வெள்ளி.

இனி புராணத்தின் சுக்கிரன். மேற்கே பாபிலோனியர்களுக்கு இந்தக் கோள் இஷ்தார் என்ற பெண் தெய்வம். கிரேக்கர்களுக்கு அப்ரோதைத்தி, ரோமர்களுக்கு வீனஸ், காதலும் அழகும் உருவெடுத்த பெண்கள். நம் புராணங்களில் மட்டும் அது ஓர் ஆண், முனிவர், அதுவும் அசுரர்களின் குரு. பிருகு முனிவரின் மகன் என்பதால் பார்க்கவன் என்று பெயர். செத்தவரை எழுப்பும் மிருதசஞ்சீவினி மந்திரம் தெரிந்தவர். மாவலியிடம் வாமனன் மூன்றடி மண் கேட்டபோது வந்தவன் யாரென்று கண்டுகொண்டு, தாரை வார்க்கும் கெண்டியின் வாயை வண்டாகப் போய் அடைத்தார். வாமனன் தர்ப்பையால் குத்த, ஒரு கண் போயிற்று.

இந்தக் கதையில் சுக்கிரன் எதை அடைத்தார் என்று பாருங்கள். நீர் விழும் வாயை. தெற்கே போனால் மழையைத் தடுக்கும் நட்சத்திரம் கதைக்குள் வந்ததும் கெண்டி நீரைத் தடுக்கும் குருவாகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் சுக்கிரன் என்ற சொல்லே வடமொழியில் வெண்மைக்கும் பெயர், வித்துக்கும் பெயர். சிவன் அவரை விழுங்கி, பிறகு வித்தின் வழியாக வெளியே விட்டதால் அந்தப் பெயர் என்றும் புராணம் சொல்கிறது. செத்ததை எழுப்புவது, வித்து, நீர்: கோடையில் காய்ந்து கிடந்த கரட்டில் ஒரு மழைக்குப் பின் புல் முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் வேறுவேறாகத் தெரிந்திருக்குமா?

ஜோதிடம் அந்த வித்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சுக்கிரன் களத்திரகாரகன், கல்யாணத்துக்கும் சுகத்துக்கும் உரியவன். பூ, வாசனை, பட்டு, வண்டிவாகனம் எல்லாம் அவன் பொறுப்பு. தானியம் மொச்சை, மணி வைரம், உலோகம் வெள்ளி. நவக்கிரக மேடையில் மொச்சை கோத்த மாலையும் வெள்ளைத் துணியும் சாத்தியிருப்பதைப் பார்த்தால் அது சுக்கிரன் என்று தெரிந்துகொள்ளலாம். ஆயுளைத் திசை திசையாகக் கோள்களுக்குப் பங்கிடும் விம்சோத்தரி கணக்கில் 120 ஆண்டில் 20 ஆண்டு சுக்கிரனுக்கு, வேறெந்தக் கோளுக்கும் அவ்வளவு நீண்ட திசை இல்லை. 'அவனுக்குச் சுக்கிர திசை' என்றால் தொட்டதெல்லாம் துலங்குகிறது என்று அர்த்தம். அதே சமயம் 'குட்டிச் சுக்கிரன் குடி கெடுக்கும்' என்றும் சொல்வார்கள். பரணி, பூரம், பூராடத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் திசையே சுக்கிரன். சுகத்தை அனுபவிக்கும் வயது வருமுன் அது வந்து போய்விடுகிறதே என்ற கவலைதான் அந்தப் பழமொழி. புதுப்பெண்ணை அனுப்பும்போது 'எதிர் வெள்ளி ஆகாது' என்று திசை பார்ப்பதும் பழைய வழக்கம். காளிதாசனின் குமாரசம்பவத்திலேயே, பயணத்தில் எதிரே நிற்கும் சுக்கிரனைத் தவிர்ப்பதுபோல நந்தியின் பார்வையைத் தவிர்த்துக் காமன் போனான் என்று ஓர் உவமை இருக்கிறது.

சுக்கிரன் உச்சம் பெறுவது மீனத்தில். பாண்டியன் கொடியில் மீன், அங்கயற்கண்ணியின் கண்ணிலும் மீன். இந்தப் பொருத்தத்தைக் கேட்டால் மதுரைக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் இதை வைத்து எதையும் கட்டிவிட முடியாது. மதுரைக்கும் வெள்ளிக்கும் இதைவிட உறுதியான முடிச்சு ஒன்று இருக்கிறது. அது கிழமையில் இருக்கிறது.

ஏழு நாள் வாரம் மேற்கே இருந்து வந்தது. கோள்களை மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று அடுக்கி, நாளின் 24 மணி நேரத்தையும் வரிசையாகப் பங்கு போட்டால், ஒவ்வொரு நாளின் முதல் மணி யாருக்குப் போகிறதோ அவருக்கு அந்த நாள் சொந்தம். பஞ்சாங்கத்தில் இன்றும் பார்க்கும் ஹோரை இதுதான். கிழமை என்ற தமிழ்ச் சொல்லின் பொருளே உரிமை. வட இந்தியாவில் கிழமையோடு கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் கி.பி. 484இல் வெட்டிய ஏரண் கல்வெட்டு முக்கியமானது.

தமிழில் கிழமை வரும் பழைய இடங்களில் மறக்க முடியாதது சிலப்பதிகாரம். மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று பேசுகிறாள். இப்படி ஒரு வாக்கு முன்பே இருந்தது என்கிறாள்: "ஆடித் திங்கள் பேரிருள் பக்கத்து அழல்சேர் குட்டத்து அட்டமி ஞான்று வெள்ளி வாரத்து ஒள்ளெரி உண்ண, உரைசால் மதுரையோடு அரைசு கேடுறும்". ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை. மதுரை எரிந்தது ஓர் ஆடி வெள்ளி.

இதே காப்பியத்தின் நாடுகாண் காதையில், "விரிகதிர் வெள்ளி தென்புலம் படரினும்" காவிரி பொய்க்காது என்று இளங்கோ சோழ நாட்டைப் பாடியிருக்கிறார். மழைக் குறியாக வெள்ளி என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே கோளின் நாளில் மதுரையை நெருப்புக்குக் கொடுக்கிறார். அடுத்து என்ன நடந்தது என்பதைக் காப்பியத்தின் முன்னால் வரும் உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரை சொல்கிறது. அன்று தொட்டுப் பாண்டியன் நாடு "மழைவறங் கூர்ந்து" வறுமை எய்தியது. வெப்பு நோயும் கொப்புளமும் தொடர்ந்தன. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் நங்கை கண்ணகிக்குச் சாந்தி செய்தான். அதற்காக அவன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான் என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்கவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. அதன் பிறகு நாடு மலிய மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின.

கோல் வளைந்தது, வெள்ளிக்கிழமை நெருப்பு, மழை போயிற்று, அம்மை போன்ற நோய், பெண் தெய்வத்துக்குச் சாந்தி, மறுபடி மழை. கபிலர் பறம்பைப் பாடியதன் மறுபக்கம் இது. அங்கே கோல் செம்மையாக இருந்ததால் வெள்ளி தெற்கே ஓடியும் மழை பெய்தது. இங்கே கோல் கோடியதால் மழை நின்றது. இன்றைக்கும் ஆடி வெள்ளியில் மதுரைத் தெருக்களில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேப்பிலை, கூழ், மாரியம்மன். மாரி என்றாலே மழை. வெப்பு நோயை இறக்குபவளும் அவளே. ஆடி என்பது வையையில் தண்ணீரை எதிர்பார்த்து விதைக்கத் தயாராகும் மாதம். சிலப்பதிகாரத்திலிருந்து நேராக இந்த வழக்கம் வந்தது என்று நான் சொல்லவில்லை. வெள்ளி, மழை, நோய், அம்மன் நான்கும் ஒரே முடிச்சாக இந்த மண்ணில் நெடுங்காலமாகக் கிடக்கின்றன என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

புராணத்தில் ஆணாக இருந்த சுக்கிரனின் நாள் அம்மனுக்கு எப்படிப் போயிற்று என்பதற்கும் ஒரு வழி தெரிகிறது. விஷ்ணு புராணத்தில் இலட்சுமியும் பிருகுவின் மகள், அதனால் அவளுக்குப் பார்க்கவி என்று பெயர். சுக்கிரனுக்குத் தங்கை முறை. செல்வமும் விளைச்சலும் தரும் நாள் அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போனது, பிறகு எல்லா அம்மன்களுக்கும் உரியதானது. மீனாட்சி கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை பொற்றாமரைக் குளக்கரை மண்டபத்தில் அம்மனையும் சுவாமியையும் ஊஞ்சலில் வைப்பார்கள். ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது, எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா தலையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி, அழுத குழந்தையின் கையில் கொடுத்தார். குழந்தை அதை மோந்து பார்த்து அழுகையை நிறுத்தியது. பூவும் வாசனையும் சுக்கிரன் பொறுப்பு என்று ஜோதிடம் சொல்வது ஊஞ்சல் மண்டபத்தில் நிற்பவர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளிக்கும் மழைக்கும் காரண உறவு எதுவும் இல்லை. வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ். அதன் மேகங்கள் கந்தக அமிலத்தால் ஆனவை, அவற்றிலிருந்து விழும் மழை தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடுகிறது. நாம் மழைக்காக ஏங்கிப் பார்த்த கோளில் ஒரு துளியும் தரையைத் தொடுவதில்லை என்பது அறிந்த நாளில் எனக்கு ஏதோ செய்தது.

ஆனால் வானத்தில் மழையைத் தேடும் பழக்கம் சங்கப் புலவர்களோடு முடியவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய பின், சூரியனில் தோன்றும் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் உறவு இருக்கிறதா என்று பார்க்க ஆங்கில அரசு முனைந்தது. கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வகம் வந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். 1895இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே 1895இல்தான் பெரியாற்று அணையும் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து வையைக்குத் திரும்பி, கால்வாய் வழியாக மேலூர் வரை வந்தது. சையத்தில் பெய்த மழை வையையில் நெரிவதற்கு வெள்ளி ரிஷபத்துக்கு வரவேண்டிய அவசியம் அதோடு முடிந்தது.

அப்பத்தாவின் கடைசி வருடங்களில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் விடியலில் திண்ணைக்கு வந்து கிழக்கே முகத்தைத் தூக்கி நிற்பாள். "வெள்ளி இருக்காடா?" என்பாள். இருக்கிறது அப்பத்தா, நல்லா வடக்கே ஏறி நிக்கிது என்று ஒரு நாள் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அது கிடக்கட்டும். பெரியாத்துத் தண்ணி எப்பத் தொறக்குறாகளாம்?"